ஓரகத்தி சுமந்து தருகிறேன் என்கிறார், என்ன செய்யலாம்?

காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். வயது 34. முதல் பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்; குழந்தையும் தங்கவில்லை. சினைப்பைகள் இரண்டும் இருக்கின்றன. கொழுந்தனாரின் மனைவி, அதாவது ஓரகத்தி, "நான் சுமந்து தரனுங்க்கா" என்கிறார். அவருக்கு 33 வயது, இரண்டு பிள்ளைகள், இரண்டாவது சிசேரியன், அதோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்தாகிவிட்டது. இதற்கு நடுவில் ஈரோட்டுப் பக்கம் ஒரு புரோக்கர், 6 லட்சம் கொடுத்தால் தறிக்குப் போகும் பெண் ஒருத்தியை ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். எது சரி, எங்கே ஆரம்பிப்பது, என்ன செலவாகும் என்பது கேள்வி. அதே கடிதத்தின் அடியில் ஓரகத்தியும் எழுதியிருக்கிறார்: குழந்தைக்கு என் சாயல் வருமா, எனக்கு ஏதாவது ஆனால் யார் பார்ப்பார்கள்?

நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. கோவையில் குழந்தையின்மை சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு ஆலோசகராக இருப்பவள். இரண்டு தரப்புக்கும் நடுவில் உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை.

புரோக்கர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அவர் நம்பரை அழித்துவிடுங்கள். வாடகைத் தாய் ஒழுங்குமுறைச் சட்டம் 2022 ஜனவரி 25 முதல் அமலில் இருக்கிறது. பணம் பேசிச் சுமக்க வைப்பது, அதற்கு ஆள் பிடிப்பது, விளம்பரம் செய்வது எல்லாம் குற்றம். நடத்துகிறவர்களுக்கு 10 வருஷம் வரை சிறையும் 10 லட்சம் வரை அபராதமும் உண்டு. பணம் கொடுத்து ஆள் தேடும் தம்பதிக்கே முதல் தடவை 5 வருஷம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். "மாட்டினா அவன்தானே மாட்டுவான்" என்கிற கணக்கு இங்கே செல்லாது.

நம் பக்கத்தில் இந்த ஆட்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பது ஊரறிந்த கதை. 2022 ஜூனில் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடம், ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டி, திரும்பத் திரும்பக் கருமுட்டை எடுத்து விற்ற வழக்கு வெளிவந்தது. பெற்ற தாயும் புரோக்கரும் கைதானார்கள். 2025இல் பள்ளிபாளையம் சுற்றுவட்டாரத்தில் விசைத்தறித் தொழிலாளிகளின் கிட்னியை விலை பேசிய கும்பலைப் பற்றிப் படித்திருப்பீர்கள். வாரத் தவணை கட்ட முடியாத வீடு எது என்று பார்த்துத்தான் கதவைத் தட்டுகிறார்கள். அந்தத் தறிக்காரப் பெண்ணுக்கு 6 லட்சத்தில் எவ்வளவு போய்ச் சேரும் என்று புரோக்கரிடம் கேட்டிருக்க மாட்டீர்கள். இன்னொன்றும் உண்டு. 2025 ஜூலையில் செகந்திராபாத்தில், வாடகைத் தாய் மூலம் உங்களுக்குப் பிறந்தது என்று சொல்லி ஒரு தம்பதியிடம் கொடுத்த குழந்தைக்கு டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தால், இருவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. லட்சக்கணக்கில் கொடுத்திருந்தார்கள்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். சட்டப்படி நீங்கள் தகுதியானவர். மனைவிக்கு 23 முதல் 50, கணவனுக்கு 26 முதல் 55 வயது இருக்க வேண்டும். உயிரோடு இருக்கும் குழந்தை இருக்கக் கூடாது (தீராத கடும் நோயோ ஊனமோ உள்ள குழந்தை என்றால் விலக்கு உண்டு). கர்ப்பப்பை இல்லை என்பது விதிகளில் முதலாவதாகச் சொல்லியிருக்கும் காரணம். பிறவியிலேயே கர்ப்பப்பை இல்லாதவர்கள், காசநோயால் கர்ப்பப்பையின் உள்சுவர் ஒட்டிப்போனவர்கள், ஐ.வி.எஃப். (சோதனைக் குழாய் முறை) பலமுறை தோற்றவர்கள், இதய நோய் மாதிரி காரணத்தால் கர்ப்பம் தரித்தால் உயிருக்கே ஆபத்து என்பவர்களும் இதில் வருவார்கள். கணவனை இழந்த அல்லது விவாகரத்தான பெண் 35 முதல் 45 வயதுக்குள் தனியாகவே கேட்கலாம். திருமணமே ஆகாதவர்களுக்கும் சேர்ந்து மட்டும் வாழ்கிறவர்களுக்கும் இன்றைய சட்டத்தில் இடமில்லை. வேறொருவர் முட்டையோ விந்தணுவோ வேண்டியிருந்தால், 2024 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பிறகு, மாவட்ட மருத்துவக் குழு சான்று கொடுத்தால் ஒன்றை வெளியில் பெறலாம். இன்னொன்று தம்பதியில் ஒருவருடையதாகவே இருக்க வேண்டும். உங்களுக்கு அந்தச் சிக்கல் வராது என்றே நினைக்கிறேன்.

ஓரகத்தியும் தகுதிக்குள் வருகிறார். சுமப்பவர் திருமணமாகி, சொந்தக் குழந்தை பெற்றவராக இருக்க வேண்டும். கரு வைக்கும் நாளில் 25 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு தடவைதான் சுமக்கலாம். தன் முட்டையைத் தரக் கூடாது. நெருங்கிய சொந்தமாகத்தான் இருக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். 2019 மசோதாவில் அப்படி இருந்தது. மாநிலங்களவைத் தேர்வுக் குழு பார்த்த பிறகு, மனமுவந்து முன்வரும் பெண் யாராயினும் சரி என்று மாறிவிட்டது. நடைமுறையில் பணமில்லாமல் பத்து மாதம் சுமக்க வருகிறவர் சொந்தமாகவோ ரொம்பவும் வேண்டியவராகவோதான் இருப்பார் என்பது வேறு விஷயம்.

இங்கேதான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

பணத்தைச் சட்டம் வெளியே தள்ளிவிட்டது. ஆனால் நெருக்கடி போய்விடவில்லை, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பாகம் பிரியாத குடும்பம், ஒரே தோட்டம், தம்பிக்கு போர்வெல் போட அண்ணன் கொடுத்த பணம், மாமியார் யார் பக்கம் என்கிற பழைய கணக்கு. இதெல்லாம் இருக்கிற வீட்டில் சின்ன மருமகள் "நான் சுமக்கிறேன்" என்றால், அந்தப் பேச்சில் எத்தனை பங்கு அவருடையது? நிஜமாகவே பாசத்தில் சொல்கிறவர்கள் உண்டு, அவர்களோடு பேசியிருக்கிறேன். உங்கள் ஓரகத்தியும் அப்படியே இருக்கலாம். ஆனால் நீங்கள் கேட்டு அதைத் தெரிந்துகொள்ள முடியாது. உங்கள் முகத்தைப் பார்த்து அவர் வேறென்ன சொல்வார்?

ஒரு தடவை இதே மாதிரி ஒரு குடும்பம் வந்தது. ஆறு பேர். சுமக்கப் போகிறவரிடம் கேள்வி கேட்டால் பெரியம்மா பதில் சொல்கிறார், "அவளுக்குச் சம்மதந்தானுங்க, நாங்க எல்லாம் பேசிட்டோம்." எல்லோரையும் டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். கதவு சாத்தியதும் அந்தப் பெண் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். உங்களுக்கு இது வேண்டாம் என்று தோன்றினால் வீட்டில் யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "உங்ககிட்டத்தானுங்க" என்றார்.

அந்தப் பதிலுக்குப் பிறகு நாங்கள் என்ன செய்வோம் என்பது உங்கள் ஓரகத்திக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதனால் அவருக்கே நேராகச் சொல்கிறேன். அம்மணி, உடல் தகுதிச் சான்றும் மனத் தகுதிச் சான்றும் இல்லாமல் உங்களைச் சுமக்க வைக்க முடியாது. ஆலோசகரிடமோ டாக்டரிடமோ தனியாக "வேண்டாம்" என்று சொன்னால் போதும். "இவங்களுக்குச் சான்று தர இயலாது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். காரணம் வெளியே போகாது, போகக் கூடாது. எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகும், கரு உள்ளே வைப்பதற்கு முந்தின நிமிஷம் வரை சம்மதத்தைத் திரும்பப் பெறச் சட்டம் உங்களுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. அது மட்டுமில்லை. பிரச்சினை என்று வழக்கு வந்தால், கணவனோ தம்பதியோ உறவினரோ உங்களைக் கட்டாயப்படுத்தியிருப்பார்கள் என்றுதான் கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் பாடு. சட்டமும் வீட்டைச் சந்தேகிக்கிறது, காரணத்தோடுதான்.

குழந்தைக்கு உங்கள் சாயல் வராது. முட்டை உங்கள் அக்காவுடையது, விந்தணு அக்காவின் கணவருடையது. ஒரு அம்மிச்சி என்னிடம், "வாத்து முட்டையக் கோழி அடை காத்தாப்ல, இல்லீங்களா?" என்றார். பாதி சரி. முட்டைக்குள் குஞ்சுக்கான சாப்பாடு முழுக்க இருக்கிறது, கோழி சூடு மட்டும்தான் தருகிறது. இங்கே கரு வளர்வது உங்கள் ரத்தத்திலிருந்து வரும் சத்தில். உங்கள் சர்க்கரை, உங்கள் பிரஷர், நீங்கள் சாப்பிடுவது எல்லாம் அதைத் தொடும். உங்கள் வீட்டுக்காரர் சாயல் வேண்டுமானால் வரலாம், அது அண்ணன் தம்பி ரத்தம்.

குடும்பக் கட்டுப்பாடு செய்தது தடையே இல்லை. கட்டியிருப்பது குழாய், கரு நேரே கர்ப்பப்பைக்குள் போகிறது. முதலில் உள்சுவரைத் தயார் செய்ய ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, சுமார் இரண்டு வாரம். ஸ்கேனில் 7, 8 மில்லிமீட்டர் தடித்தது தெரிந்ததும் புரோஜெஸ்டிரோன் தொடங்கும், ஐந்தாறு நாளில் கருவை வைப்பார்கள். வைப்பது மெல்லிய குழாய் வழியாகச் சில நிமிஷ வேலை, பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டியதில்லை. கஷ்டம் அதற்குப் பிறகுதான். புரோஜெஸ்டிரோன் ஊசியாகக் கொடுத்தால் அது எண்ணெயில் கலந்த மருந்து. தினமும் இடுப்புப் புட்டத்தில் போடப் போட உள்ளே கட்டி கட்டியாகக் கல்லுமாதிரி நிற்கும். ஒருக்களித்துப் படுக்க முடியாது. வெந்நீர் ஒத்தடம் கொடுக்க வேண்டும். கர்ப்பம் தங்கினால் பத்துப் பன்னிரண்டு வாரம் வரை இந்த மருந்து தொடரும். உங்களுக்கு இயற்கையாகத் தரித்த இரண்டு பிரசவத்திலும் இது இருந்திருக்காது.

கரு வைத்து இரண்டு வாரத்துக்குள் ரத்தப் பரிசோதனை. நிற்காமலும் போகலாம், அது உங்கள் தவறு இல்லை. வீட்டில் யாராவது "நீ பாரம் தூக்கின, அதான்" என்றால் நம்ப வேண்டாம். மொத்தம் மூன்று முயற்சிக்கு மேல் விதி அனுமதிக்காது. ஒரு நேரத்தில் ஒரே கரு என்பதுதான் விதி. விசேஷக் காரணம் இருந்தால் மூன்று வரை வைக்கலாம் என்று இடம் கொடுத்திருக்கிறார்கள். உங்களுக்கு முந்தினது சிசேரியன். இரட்டை என்றால் பழைய தையலுக்கும் பாரம், பிரஷருக்கும் ஆபத்து. "ரெண்டா வெச்சா ஒரே தடவையில முடிஞ்சுரும்" என்று யார் சொன்னாலும் ஒன்றே போதும் என்று நில்லுங்கள். ஐ.வி.எஃப். கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு சாதாரணக் கர்ப்பத்தைவிட அதிகம். மறுபடி சிசேரியன் ஆகவே வாய்ப்பு நிறைய. இதையெல்லாம் கேட்ட பிறகும் சம்மதம் என்றால் அதுதான் சம்மதம். உங்களைக் கருக்கலைப்பு செய்துகொள்ளச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மருத்துவக் காரணத்துக்காக அவசியமானாலும் உங்கள் எழுத்து மூலமான சம்மதமும் உரிய அதிகாரியின் அனுமதியும் வேண்டும்.

கேள்வி கேட்ட அக்காவுக்கு உடல் ரீதியாக வேலை குறைவு. பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி, மயக்கம் கொடுத்து முட்டை எடுப்பது, பெரும்பாலும் அன்றே வீடு. கர்ப்பப்பை எடுத்தவர்களுக்குச் சினைப்பை கொஞ்சம் மேலே ஏறியிருந்தால் வயிற்று வழியாக எடுக்க நேரலாம். ஏ.எம்.ஹெச். பரிசோதனை செய்தால் முட்டை இருப்பு தெரிந்துவிடும். கருக்களை உறைய வைத்து வைக்கலாம், அதனால் ஓரகத்தியை அவசரப்படுத்த வேண்டிய தேவை இல்லை. ஆண் பிள்ளையாகப் பார்த்து வையுங்கள் என்று மாமனார் சொல்வார். பாலினம் பார்ப்பது இந்தச் சட்டத்திலும் குற்றம். அந்தப் பேச்சை டாக்டர் முன்னால் எடுக்காமலே இருப்பது நல்லது.

காகித வேலைதான் பொறுமையைச் சோதிக்கும். முதலில் மாவட்ட மருத்துவக் குழுவின் சான்று. நம் மாநிலத்தில் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் தலைமையில், மகப்பேறு நிபுணரும் குழந்தை நல நிபுணரும் சேர்ந்து பார்ப்பார்கள். கர்ப்பப்பை எடுத்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி ரிப்போர்ட் இரண்டும் அசலாகக் கையில் இருக்க வேண்டும். இரண்டாவது, முதல் வகுப்பு நடுவர் கோர்ட்டில் பெற்றோர் உரிமை, பொறுப்பு பற்றிய உத்தரவு. நீங்களும் கணவரும் ஒரு பக்கம், ஓரகத்தி ஒரு பக்கம் என்று சேர்ந்து மனுப் போட வேண்டும். குழந்தை பிறந்ததும் அந்த உத்தரவுதான் பிறப்புக்கான ஆதாரம். தத்து எடுக்கத் தேவையில்லை, அம்மா அப்பா என்று உங்கள் பெயர்தான் வரும். சட்டப்படி அது உங்கள் சொந்தக் குழந்தை, சொத்துரிமை உட்பட. பின்னால் பங்காளிகளுக்குள் மனஸ்தாபம் வந்தால்கூட "எங்க வீட்டுல சுமந்தது" என்று யாரும் கோர முடியாது. மூன்றாவது, ஓரகத்தி பெயரில் 36 மாத மருத்துவக் காப்பீடு, பிரசவத்துக்குப் பின் வரும் சிக்கல்கள் வரைக்கும். இவை சேர்ந்த பிறகு, தம்பதிக்கும் சுமப்பவருக்கும் தனித்தனியே தகுதிச் சான்று. சிகிச்சை மையம் வாடகைத் தாய் சிகிச்சைக்கென்றே பதிவு பெற்றதா என்று பதிவுச் சான்றைக் கேட்டுப் பாருங்கள், ஐ.வி.எஃப். செய்கிற எல்லா மையத்துக்கும் அது இருக்காது.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஆஸ்பத்திரியில் ஓரகத்தியை உங்கள் பெயரில் அட்மிட் செய்து முடித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். கிராம சுகாதார செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்கும் நாளிலிருந்தே அவர் பெயரில்தான் எல்லாம் இருக்க வேண்டும், கோர்ட் உத்தரவு நகலோடு. ரத்த வகை ஒன்று மாறினால்கூடப் பிரசவ மேசையில் உயிர் போகும்.

செலவு. ஐ.வி.எஃப். ஒரு சுற்று நம் பக்கத்தில் சாதாரணமாக ஒன்றரையிலிருந்து இரண்டரை லட்சம் வரை ஆகும். அதன் மேல் ஓரகத்தியின் மருந்து, ஸ்கேன், பிரசவம், காப்பீடு, வக்கீல் செலவு. எல்லாமே உங்கள் பொறுப்பு. அவருக்குச் சம்பளமாகவோ அன்பளிப்பாகவோ எதுவும் தரக் கூடாது. பழைய கைமாற்றை இதற்காக என்று தள்ளிவிடுவது, கால் ஏக்கர் எழுதி வைப்பது எல்லாமும் பிரதிபலன்தான், கவனம். அதேசமயம் பனியன் கம்பெனிக்கோ தறிக்கோ போகிறவர் நின்றுவிட்டால் கூலி போகும். அதை ஈடுகட்டச் சட்டத்தில் தெளிவான வழி இல்லை. ஒரு பெண்ணின் உழைப்பில் இவ்வளவு பெரிய பகுதியைத் தியாகம் என்று பெயரிட்டு இலவசமாக்கியது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஊருக்கு மறைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கோவையில் வீடு பிடித்து ஓரகத்தியை ஒளித்து வைப்பது, நீங்கள் வயிற்றில் துணி கட்டிக்கொள்வது, இதெல்லாம் வேண்டாம். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அம்மா வயிற்றைப் பார்ப்பார்கள், பிறகு பாப்பா எங்கே என்று கேட்பார்கள். பெரியம்மாவோட பாப்பா, பெரியம்மா வயித்துல இடமில்ல, அதனால அம்மா வெச்சிருக்கேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகள் நம்மைவிடச் சுலபமாக ஏற்றுக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கர்ப்பிணிக்கு வைக்கும் கட்டுச்சோறு விருந்தை இரண்டு பேருக்கும் சேர்த்தே வைத்தார்கள். சொந்தக்காரர்கள் ஒரு வாரம் பேசினார்கள், அப்புறம் வேறு கதை கிடைத்துவிட்டது.

பிரசவத்துக்குப் பிறகுதான் பெரும்பாலான வீடுகள் கோட்டை விடுகின்றன. குழந்தையைப் பார்க்க இருபது பேர் வருவார்கள். அடுத்த அறையில் தையலோடு படுத்திருப்பவருக்கு மூன்றாம் நாள் பால் சுரந்து மார்பு கட்டிக்கொள்ளும், காய்ச்சலும் வரும். பாலை நிறுத்த மாத்திரை உண்டு. கொடுக்கிறாரா, கறந்து தருகிறாரா, நிறுத்துகிறாரா என்பதை ஏழாம் மாதத்திலேயே டாக்டரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், அவர் விருப்பப்படி. பத்தியச் சோறு, பிரசவ லேகியம், வெந்நீர்க் குளியல், ஒன்றரை மாதம் ஓய்வு, இதெல்லாம் அவருக்கு. அவரைத் தன் அம்மா வீட்டுக்கு அனுப்புவதா, உங்கள் வீட்டிலேயே பார்ப்பதா என்பதையும் அவரே சொல்லட்டும். நீங்கள் வேலைக்குப் போகிறவர் என்றால், மகப்பேறு விடுப்பு விதிகள் பொருந்துகிற இடத்தில் குழந்தை கைக்கு வந்த நாளிலிருந்து 12 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உங்களுக்கும் உண்டு.

இப்போதைக்கு இரண்டு வேலை. நீங்கள் ஏ.எம்.ஹெச். பார்த்து, பழைய ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகளைச் சேகரியுங்கள். ஓரகத்தி ஒரு நாள் ஆலோசனைக்குத் தனியாக வரட்டும். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் அவருடைய அம்மா வரலாம், உங்கள் மாமியார் வேண்டாம். வரும்போது பள்ளிக்கூட டி.சி.யும் ஆதாரும் கொண்டு வரச் சொல்லுங்கள். இரண்டிலும் பிறந்த தேதி வேறு வேறாக இருப்பது நம் பக்கம் சகஜம். 35 என்கிற வரம்பு கரு வைக்கும் நாளைக் கணக்கில் எடுக்கும் என்பதால், திருத்த வேண்டியிருந்தால் அந்த வேலையை முதலில் முடிப்பது நல்லது.